மஞ்சள் மாறாத காளான்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். என் சமையலால் ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி மீனுவின் வகுப்பைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். சிவந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள், ஒரு மரத்தடியில் வெள்ளைக் காளான்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டீச்சர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒரு பிள்ளையும் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பறிக்காத காளானா? எல்லோரும் நகர்ந்ததும் முந்தானையில் பறித்துக்கொண்டேன்.

வீட்டில் மஞ்சள் போட்டு வேகவைத்தேன். விஷமிருந்தால் நிறம் மாறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாறவில்லை. மிளகு தட்டிப் போட்டதும் வீடே மணத்தது. மகள் தட்டோடு உட்கார்ந்தாள்.

நான் வெட்டியெறிந்த அடிக்காம்பைக் குப்பையிலிருந்து மீனு எடுத்து வந்தாள். முட்டை ஓடு போல ஒரு பை அதைச் சுற்றியிருந்தது.

“அம்மாயி, இது பாய்சன்! டீச்சர் காட்டினாங்க.”

“போடி, மஞ்சளே மாறல.”

அவள் அம்மாவின் தட்டைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். மகள் போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. விஷக் காளான்தான் என்று கேட்டதும், மகள் இன்னும் வாய் வைக்காத தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அம்மா, நீ ருசி பாத்தியா?”

நான் உப்புப் பார்த்துச் சமைக்கிறவள் இல்லை. அந்தத் திமிர்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. அதே திமிர்தான் மகளுக்குப் பரிமாறியது.

மீனு, தமிழ் ஸ்கூலில் படிக்கிறாயே, நான் எழுதிவைத்த இதை எனக்கு வாசித்துக் காட்டு கண்ணு. கடைசி வரியைச் சத்தமாகப் படி: மஞ்சள் மாறாவிட்டாலும் காளானில் விஷம் இருக்கும்.