சீன மெட்டில் ஒரு கல்யாணப் பாட்டு

கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரம் ஊருக்கு அருகில் எங்கள் சபையில் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறேன். கோபக்காரன் என்று பெயர். சுருதி விலகினால் பாட்டைப் பாதியில் நிறுத்தி, விலகியது யார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குழுவில் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த பாட்டில் சினிமா மெட்டின் சாயல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவன் நான். திருட்டைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

என் மகள் சீனாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தாள். திரும்பி வந்து, இங்கே எழுத வேண்டிய தேர்விலும் தேறி, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்தக்காரர்களுக்கு அவளிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: பாம்பு தின்றாயா? என் கேள்விகளும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் உண்மையில் கொண்டுவந்தது பாட்டுகளை. துணி மடிக்கும்போதும் மீன் கழுவும்போதும் அவள் போனில் சீனப் பாட்டு ஓடும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்த சீனப் பெண் எழுதிக் கொடுத்த பாட்டுகள். ஒவ்வொரு சீன எழுத்துக்கு மேலும் ஓர் எண், ஒன்று முதல் ஏழு வரை. அங்கே பாட்டை இப்படித்தான் எழுதுவார்களாம். நாங்கள் மிஷனரி காலத்திலிருந்தே டோ ரே மீ எழுத்தை வைத்துப் பாடிப் பழகியவர்கள். ஒன்று என்றால் டோ, இரண்டு என்றால் ரே, மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. ஒரு சீன எழுத்துகூடத் தெரியாத நான் சீனப் பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாடினேன். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

அதன்பின் அவள் வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் நோட்டும் கையுமாக உட்காருவோம். தோழியின் அம்மா இளவயதில் பாடிய பாட்டுகளும் அதில் இருந்தன. அவற்றில் பெண் காத்திருப்பாள்; அவன் வருவான், வராமலும் போவான், அவள் மனம் மட்டும் மாறாது. தோழியின் வயதுக்காரர்கள் கேட்கிற பாட்டுகள் வேறு மாதிரி. வாடகை அறையில் தனியாக இருப்பவள், கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவள், ஊரிலிருந்து வாராவாரம் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்பவள். அங்கே சில ஊர்களில் பெற்றவர்கள் வரன் தேடி, பிள்ளைகளின் வயது, உயரம், வேலை எல்லாம் தாளில் எழுதி, விரித்த குடைகளில் ஒட்டிப் பூங்காவில் வரிசையாக வைப்பார்களாம். தோழியின் அம்மாவும் மகளுக்குத் தெரியாமல் அப்படி ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனதாம்.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். குடையிலா, குடையிலா என்று இரண்டு தடவை கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பேரிடம் கொடுக்க, அவளுடைய பயோடேட்டாவை ஐந்து நகல் எடுத்து என் பைபிள் பைக்குள் வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நோட்டின் கடைசியில் இருந்த பாட்டை அவள் தனியாக எடுத்துக் காட்டினாள். அருமையான மெட்டு. மூன்றாவது அடியில் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நிற்கும். அது என்ன சொல்கிறது என்று அவள் விளக்கத் தொடங்கினாள். வார்த்தை இருக்கட்டும், மெட்டைப் பார் என்றேன். எங்கள் பயிற்சி முறையே அப்படித்தான். முதல் இரண்டு வாரம் டோ ரே மீ மட்டும். மெட்டு நாக்கில் படிந்த பிறகுதான் வார்த்தை. அவள் இன்னொரு தடவை முயன்றாள். நான் அதற்குள் நாலு குரலுக்கும் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டேன். அவள் எழுந்து போனாள்.

அந்த நேரத்தில்தான் சபைச் செயலாளர் வீட்டுக் கல்யாணம் வந்தது. புதிதாக ஒரு பாட்டு வேண்டும் என்றார். எழுதித் தருகிறேன் என்று பெருமையாக ஒப்புக்கொண்டேன். பத்து நாள் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அந்தச் சீன மெட்டுக்கு இல்லற வாழ்த்தாக மூன்று சரணம் எழுதினேன். நாலு குரல் அமைப்பு என்னுடையதுதானே என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொன்னேன். தாளின் தலையில் ‘சொல்லும் இசையும்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

பயிற்சிக்கு மகளும் வந்திருந்தாள். மேல்குரல் பாடும் சொப்ரானோ வரிசையில் நின்று தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று கீழ்க்குரல் பாடும் பாஸ்காரர்கள் பக்கம் திரும்பி, காரணமே இல்லாமல் அவர்களைத் திட்டினேன்.

கல்யாணத்தில் பாட்டுக்கு ஏகப்பட்ட பாராட்டு. போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பந்தியில் குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய மகன் துபாயில் இன்ஜினியர். என் மகளைப் பார்த்து, “மோளே, அப்பா இந்தப் பாட்ட எழுததுக்கு எத்தன நாளாச்சி?” என்று கேட்டார்.

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ரசம் கேட்டேன்.

“மூணு மாசம் இருந்து எழுதினாவ ஆன்ட்டி” என்றாள் மகள்.

நான் தலையாட்டினேன். அவள் எனக்காகப் பொய் சொன்னாள், நான் தலையாட்டினேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்னாள் என்று முட்டி போட வைத்தவன் நான். வாழ்க்கையில் அன்று பட்ட வெட்கத்தை வேறு என்றும் பட்டதில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா வீட்டிலிருந்து சம்பந்தம் பேசக் கேட்டு ஆள் வந்தது. பாட்டுக்காரர் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்றாராம். அதை மகளிடம் சொன்னபோது என் குரலில் சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மகள் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தாள்.

“இது என்ன பாட்டுன்னு தெரியுமா? ஒரு மக தன் அம்மைட்ட சொல்லுகா. என் பேர எழுதி நாலு பேருக்கு முன்னால வைக்காண்டாம், எனக்குக் கல்யாணம் இப்ப வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன், ஒருக்கா வந்து பாருங்கன்னு சொல்லுகா.”

நான் நோட்டை வாங்கி, எனக்குப் படிக்கத் தெரிந்த எண்களையே பார்த்தேன்.

“நான் நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டிய. பாட்டுன்னா கேப்பியன்னு நெனச்சேன்.”

அன்றே ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயோடேட்டா நகல்களைக் கிழித்துப் போட்டேன். அவ்வளவு மட்டும் செய்தேன். மெட்டு என்னுடையது இல்லை என்று சபையில் இன்னும் சொல்லவில்லை. எங்கள் சேகரத்துச் சபைகளில் இப்போது கல்யாணம் என்றாலே அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள், நானும் கையை வீசி நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். மகள் பாடுவதற்கு வருவதை நிறுத்திவிட்டாள். டியூட்டி இருக்கிறது என்கிறாள்.

போன மாதம் துணிந்து அவளிடம் கேட்டேன். அந்தப் பாட்டை வரி வரியாகத் தமிழில் சொல்லு மக்கா, இந்தத் தடவை முழுதும் கேட்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“அது எதுக்குப்பா இனி? அதான் உங்க பாட்டாயிட்டுல்லா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.