புருஷன் பேரைச் சொன்னவள்

இலஞ்சி பேராச்சிக்கு அரசியல் ஆசையெல்லாம் கிடையாது. சாரல் காலம்தான் அவளை வம்புக்கு இழுத்தது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தால், அருவியில் இடம் கிடைக்காத ஆம்பிளைகள் இலஞ்சி வாய்க்காலுக்கு, அதுவும் பெண்கள் படித்துறைக்கே, வந்து துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஈரச்சேலையோடு கரையேற முடியாமல், கழுத்து மட்டும் தெரியத் தண்ணீருக்குள் விறைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மறைப்புச் சுவர் கட்டித் தரும்படி பஞ்சாயத்து மெம்பர் முத்துக்குமாரசாமியிடம் கேட்டாள்.

"சீசனுக்கு வாரவங்கள வராதீங்கன்னா சொல்ல முடியும் மைனி? நீங்க வெள்ளனவே குளிச்சிட்டுப் போங்களேன்" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததும் அவரையே எதிர்த்து நின்றுவிட்டாள். கணவர் பால்வண்ணநாதன் தோப்பும் வயலும் உண்டு என்று இருப்பவர். "தோத்தா வாய்க்கா எங்கயும் ஓடிப்போயிராது. நில்லு" என்றார்.

ஆம்பிளை ஓட்டெல்லாம் முத்துக்குமாரசாமிக்குத்தான். பேராச்சி கொல்லைப்புறமாகவே வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டாள். அவர்கள் ஓட்டு விழுந்தால் சுவர் வரும், விழாவிட்டால் வராது.

ஓட்டுப் போடுகிற அன்று பெண்கள் தலைமுழுகி, பூ வைத்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். அங்கேதான் வில்லங்கம். குற்றாலத்து அம்மன் பேரால் அந்தத் தெருவில் பாதிப் பேர் குழல்வாய்மொழி. திருவேங்கடத்திலிருந்து வந்த வெளியூர் அதிகாரிக்கு எந்தக் குழல்வாய்மொழி என்று எப்படித் தெரியும்? "புருஷன் பேரு சொல்லும்மா" என்றார்.

சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஊர். குழல்வாய்மொழிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துக்குமாரசாமியின் ஏஜெண்டு, "புருஷன் பேரு தெரியாதவளுக்கு ஓட்டு எதுக்கு?" என்றான். முதல் மூன்று பேர் தலைகுனிந்து வீடு திரும்பினார்கள்.

பேராச்சியும் அதுவரை புருஷன் பேரைச் சொன்னவள் இல்லை. போன ஐப்பசியில்தான் அவர் காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தார். எதிரே வேப்பமரத்தடியில் நின்ற அவரை ஒருமுறை பார்த்தாள். மனசுக்குள் இலஞ்சிக் குமாரனைக் கும்பிட்டுக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"என் பேரு பேராச்சி. புருஷன் பேரு பால்வண்ணநாதன்."

தெருவே கேட்கிற சத்தம். எல்லாத் தலையும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது.

"நல்லாக் கேட்டுதா சார்வாள்? நான் உசுரோடதான் நிக்கேன்" என்றார் பால்வண்ணநாதன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு யார் நிறுத்த முடியும்? குழல்வாய்மொழிகள் ஒவ்வொருத்தியாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, புருஷன் பேரைப் போட்டு உடைத்தார்கள். வீடு திரும்பியவர்களை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். என்ன துணிச்சல் இந்தப் பேராச்சிக்கு! சாமிக்குப் பயந்தவள், புருஷனை உயிராக நினைத்தவள், அந்தப் பயத்தோடேயே சொன்னாள் பாருங்கள். அதுதான் பெரிசு.

மாலையில் வரிசையின் கடைசி ஆளாக முத்துக்குமாரசாமியின் மனைவி வந்தாள். ஏஜெண்டு பதறி எழுந்து, "இவங்களத் தெரியும் சார், கேக்க வேண்டாம்" என்றான்.

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முத்துக்குமாரசாமி" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

பேராச்சி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள்.