திரை மங்கியிருந்த இரண்டு வாரங்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்கு உட்கார்ந்த காலையில்தான் என் லேப்டாப்பின் திரை மங்கியிருப்பதைக் கவனித்தேன். வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்தினால் அளவு நூறு வரை போகும். திரை லேசாக ஏறும். அடுத்த நொடியே மறுபடி இறங்கிவிடும்.

அப்போது நான் சென்னையில் சேலை விற்கும் ஓர் இணையக் கடைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். சேலைகளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். பின்னணியை வெட்டி, நிறத்தைத் துணியின் உண்மை நிறத்துக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா போர்வெல் போடும் வண்டியோடு மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். வங்கிப் படிவம், ரேஷன் கார்டு, மின்சார வாரியத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்குத் தெரியாது என்று அந்த வீட்டில் நான் சொன்னதாக நினைவில்லை. சொன்னால் அடுத்து யாரிடம் போவார்கள்?

திரையை நானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன். அணைத்துப் போட்டேன். டிரைவரைப் புதுப்பித்தேன். பேட்டரி சேமிப்பை நிறுத்தினேன். அமைப்புகளில் ஓர் இடத்தில், சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் என்று இருந்தது. நல்ல வசதிதானே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வெளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் திரையைத் தோற்கடிக்கிறது என்று நினைத்து ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். அப்படியும் போதவில்லை. இன்னொரு போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வேலை செய்தேன். தகரக் கூரையின் கீழே, மதிய வெயிலில், போர்வைக்குள்.

நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னத்தா, காய்ச்சலா?"

"இல்லம்மா. வேலை பாக்குறேன்."

"இம்புட்டுப் படிச்சு முக்காட்டுக்குள்ளதான் வேலை குடுத்தாய்ங்களா?"

நான் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மங்கலான திரையில் பார்த்ததால் எல்லாச் சேலையும் எனக்கு இருட்டாகத் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைக் கூட்டினேன். முதல் தொகுப்பு திரும்பி வந்தது. 'வெளிறியிருக்கிறது' என்ற ஒரே சொல். இரண்டாவதும் திரும்பியது. என் வேலையைச் சரிபார்க்கும் பெண் சென்னையிலிருந்து அழைத்தார். ஐந்து மாதத்தில் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"மெரூன் சேலை ரோஸ் கலர்ல வந்திருக்கு. உங்க ஸ்கிரீன் ஓகேவா இருக்கா?"

"நல்லா இருக்கு மேடம்."

"அப்ப கவனம் இல்லன்னு அர்த்தம். மூணாவது தடவையும் இப்படி வந்தா என்னால ரெகமெண்ட் பண்ண முடியாதும்மா."

ஸ்கிரீன் கெட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கருவி கெட்டதால் வேலை கெட்டது என்று சொல்வது, படிக்காமல் வந்தவள் சொல்லும் சாக்குப் போல எனக்குப் பட்டது. போனில் ஒரு படத்தைத் திறந்து பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. என் கண் தவறாது என்று நம்பினேன்.

மூன்றாவது தொகுப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும். புதன்கிழமை பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, விசைகளைத் தட்டிப் பார்த்து, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும் வரலீங்களா?"

"எதுக்குண்ணே?"

"இல்ல, வெவரம் சொன்னா புரியணும்ல."

"எங்கிட்டயே சொல்லுங்க. புரியும்."

"கோவப்படாதீங்க. பேனல் போயிருச்சு. வச்சிட்டுப் போங்க, ஒரு வாரத்துல புதுசு வரவழைச்சு மாட்டிரலாம்."

"வெள்ளிக்கிழமை எனக்கு வேலை முடிக்கணுமே."

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் கொண்டாங்க. போன உசுரு எங்கிட்டுப் போயிரப் போகுது!"

அவர் சிரித்தார். நான் லேப்டாப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் தைலமரக் காடு. இந்தப் பஸ்ஸில் இருக்கும் யாரிடமாவது என் கவலையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். வேலை என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போனதும் கடைசி முயற்சியாக ஒன்றைச் செய்தேன். பேனல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் திரையில் டார்ச் அடிக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். போன் டார்ச்சைப் போட்டுத் திரையின் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுபோனேன். மேல் விளிம்பை நெருங்கியதும் திரை பளிச்சென்று எரிந்தது. டார்ச்சை விலக்கினேன், மங்கியது. மறுபடி காட்டினேன், எரிந்தது.

அந்த விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில், காய்ந்துபோன சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. பூஜையன்று அம்மா வைத்த பொட்டு. அரிவாள்மனை, மிக்சி, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் வைத்ததைப் போல இதற்கும் வைத்திருந்தார். கேமராவை மறைக்கக் கூடாது என்று கவனமாகத் தள்ளி வைத்திருந்தார். தள்ளி வைத்த அந்த இடத்தில்தான் அறையின் வெளிச்சத்தை அளக்கும் சிறு புள்ளி இருந்தது. டார்ச் போன்ற கூர்வெளிச்சம் மட்டுமே ஊடுருவும்படி அது மூடிக்கிடந்ததால் லேப்டாப் இரண்டு வாரமாக இருட்டில் இருப்பதாக நினைத்துத் தன் திரையைக் குறைத்துக்கொண்டது. போர்வையைப் போர்த்தி நான் வேறு அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தினேன்.

பொட்டு என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. கடைக்காரரும் பார்த்தார். அவர் கடையில் ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்கும் பொட்டு இருந்தது. எல்லாவற்றிலும் இருக்கும் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை.

ஈரத்துணியால் துடைத்தேன். திரை எழுந்தது. இரண்டு வாரத்துச் சேலைகளைத் திறந்து பார்த்தேன். அரக்கு, பச்சை, மயில்நீலம் எல்லாம் பலமுறை துவைத்து வெயிலில் போட்ட துணிபோலக் கிடந்தன. வேறு யாரும் செய்ததல்ல. என் கை செய்தது.

சென்னையில் என் வேலையைச் சரிபார்ப்பவரை அழைத்தேன். பொட்டையும் சொன்னேன், போர்வையையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது.

"நான் கேட்டப்பவே ஏன் சொல்லல?"

"தெரியல மேடம்."

அப்படி ஒரு பதிலை நான் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. அவர் மூன்று தொகுப்பையும் திங்கட்கிழமைக்குள் முடிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையே முடித்து அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் வேலை உறுதியானது.

அதற்குள் வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் கதை பரவியிருந்தது. 'எல்லாரும் லேப்டாப்புக்குப் பொட்டு வச்சாச்சா?' என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினேன்.

அம்மாவிடம் பொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் கை தயங்குவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. டார்ச் அடித்ததில் சரியாகிவிட்டது என்று மட்டும் துடைத்த அன்றே சொன்னேன். அன்று சாயங்காலம் தெருக்குழாயில் அவர் சொல்வது வீட்டுக்குள் கேட்டது.

"டவுனு கடைக்காரரே கைய விரிச்சிட்டாரு. எம்புள்ள ஒத்த டார்ச்ச வச்சே சரி பண்ணிருச்சு."

"அப்ப எங்க வீட்டு டிவியையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லு, ஒம் மவள."

"அதுக்கு ஏது நேரம்? மெட்ராஸ்ல இருந்து போன் மேல போன் வருது!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. என் போன் மேசையில் சத்தமில்லாமல் கிடந்தது. நான் அடுத்த தொகுப்பின் முதல் படத்தைத் திறந்தேன்.