பதினாறு குழாய், இரண்டு தீர்த்தகிரி

எண்பத்தாறாம் வருஷத்துப் பேரூராட்சித் தேர்தலில் கடத்தூரில் ஆளுங்கட்சி தோற்றதற்கு, மைக் செட்காரி ஜுபைதா மேடையில் வயரைப் பிடுங்கியதுதான் காரணம் என்று ஒரு வதந்தி உண்டு. கடத்தூரை விட்டுக் கிளம்பும்போது வதந்தி இவ்வளவுதான் இருந்தது. அதியமான்கோட்டையைத் தாண்டும்போது ஜுபைதா ஆம்ப்ளிஃபயரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தாள். பென்னாகரம் போய்ச் சேர்ந்தபோது வயரைப் பல்லால் கடித்துத் துப்பியிருந்தாள். இன்னும் ஒரு பஸ் ஏறியிருந்தால் ஒகேனக்கல்லில் மேடையையே ஆற்றில் தள்ளியிருப்பாள்.

சரி, விசாரித்துவிடுவோம் என்று இறங்கினால் முதலில் அகப்படுகிறவர் முனிராஜ். கூட்டம் நடந்த சந்தைத் திடலுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே சொன்னார்:

"மைக்கு நின்னு போனதால தோத்தாங்கன்னு எவன் சொன்னான்? நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. செட்டு நல்லா வேலை செஞ்சுதுங்க. அதான் வினை."

ஆக, வதந்தி தலைகீழாக நிற்கிறது. அதை நிமிர்த்தி வைக்க வேண்டுமானால் ஜுபைதாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைக்கு 'ஜுபைதா சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர் வைத்தவர் அவள் கணவர் நசீருதீன். மனைவி மேலிருந்த பிரியமா, வரிக்காரர்கள் மேலிருந்த பயமா என்பதைச் சொல்லாமலேயே எண்பத்திரண்டில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கணவர் போன துக்கத்துக்கு வெளியே வராமல் அவள் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் கொழுந்தன்மார் வாசலில் வந்து நின்று, செட்டை விற்றுவிடலாம் என்று ஆறுதல் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கடையைத் திறந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு செட் கேட்டு வந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். பொம்பளை வைக்கிற மைக் செட்டா என்றார்கள்.

"ஸ்பீக்கர் குழாய்க்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க. கரண்டு வந்தாக் கத்தும்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாக் கட்சிக்கும் அவள்தான். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி, மடியில் வெற்றிலைப் பெட்டி. பேசுகிறவர்கள் பேச்சையெல்லாம் கேசட்டில் பிடித்து வைப்பாள்; பிறகு பேசியவர்களே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தன் குரலைத் தானே கேட்பதில் அரசியல்வாதிக்கு இருக்கிற ஆசை அவளுக்குத் தெரியும். கேசட்டின் மேல் பெயரும் தேதியும் உருதுவில் எழுதியிருக்கும். பள்ளிவாசல் ஓதுமிடத்தில் கற்றுக்கொண்ட எழுத்து அது ஒன்றுதான்.

ஓர் ஆட்சி எப்படி இருக்கிறது என்பதைப் பத்திரிகைகளுக்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிடுவாள். கூட்டம் தானாக வருகிற காலத்தில் கட்சிக்காரர்கள் நாலு குழாய் போதும் என்பார்கள். வராத காலத்தில்தான் எட்டு கேட்பார்கள், பத்து கேட்பார்கள், புளியமரம் புளியமரமாகக் கட்டச் சொல்வார்கள். எண்பத்தைந்து கடைசியில் ஆளுங்கட்சி பன்னிரண்டுக்கு வந்திருந்தது.

பன்னிரண்டு குழாயை மரத்தில் ஏற்றுகிறவன் பச்சியப்பன். பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் அங்கே வீடு எரிந்த பிறகு மனைவி செல்லியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்து, கடத்தூருக்கு வெளியே பழைய சரக்குக் கிட்டங்கியில் அரசாங்கம் வைத்த முகாமில் சேர்ந்தான். அவனுடைய பூட்டன் பொம்மிடிப் பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போனவராம். அங்கே இவனை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு மரம் ஏறும்போது மட்டும் அவனை யாரும் எந்த நாடு என்று கேட்டதில்லை.

எண்பத்தாறு பிறந்ததும் உத்தரவு ஒன்று வந்தது. முகாம் ஆட்கள் வெளியே வேலைக்குப் போகக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தலை எண்ணும்போது உள்ளே இருக்க வேண்டும். மீறியவர்கள் தெற்கே வேறு முகாமுக்கு மாற்றப்படுவார்கள்.

முனிராஜ் கடையில் அன்றைக்கே ஊர் இரண்டாகப் பிரிந்தது. களையெடுப்பு கூலி ஆறு ரூபாயிலிருந்து நாலாகிவிட்டது, இவர்கள் வந்ததால்தான் என்று ஒரு பெஞ்சு சொன்னது. அதில் பொய் இல்லை. நாலு ரூபாய்க்கு வா என்று கூப்பிட்டவன் யார் என்று எதிர் பெஞ்சு கேட்டது. அதிலும் பொய் இல்லை. கூப்பிட்டவர்களில் பெரிய ஆள், ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளரும் பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற வேட்பாளருமான தீர்த்தகிரி. ஆனால் அவர் பெயர் வந்ததும் இரண்டு பெஞ்சும் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

வருவாய் ஆய்வாளர், மீறிய மூன்று குடும்பங்களின் பட்டியலோடு ஜுபைதா கடைக்கு வந்தார். பச்சியப்பன் பெயர் மூன்றாவதாக இருந்தது.

"தேர்தல் முடிஞ்ச மறுவாரம் லாரியில ஏத்திடுவோம்மா. குடும்பத்தோடதான். ஊர் முக்கியஸ்தர் யாராச்சும் லெட்டர் குடுத்தா நிறுத்தி வைக்கலாம்."

முக்கியஸ்தர் என்றால் கடத்தூரில் ஒருவர்தான். ஜுபைதா தீர்த்தகிரியின் தோட்டத்துக்குப் போனபோது அவர் எருமையை "பா இல்லி" என்று கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறைக்கு முன்னால் மைசூர் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் மனைவியோடும் மாட்டோடும் கன்னடம். மேடையில் மக்களோடு தமிழ்.

"பாயம்மா, இது கவருமெண்ட்டு முடிவு. யார் உள்ள வரணும், யார் இருக்கணும்னு ஒரு கட்டுப்பாடு வேணுமில்ல" என்றார்.

"உங்க காட்டுல களையெடுக்கறது பூரா முகாம் பொம்பளைங்கதானுங்களே அண்ணே."

"அது வேற. அது விவசாயம்."

ஜுபைதா காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. குரலை இறக்கினார்.

"நீ தெரிஞ்ச பொம்பளை, உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. போற எடமெல்லாம் தண்ணி வரலைங்கறான், மண்ணெண்ணெய் இல்லைங்கறான். எங்க ஆளுங்களைப் பாத்தாலே கதவைச் சாத்தறான். இப்ப ஜனங்க கிட்ட எடுத்துப் பேசறதுக்கு இந்த ஒரு விசயந்தான் கெடைச்சிருக்குது. அதையும் புடுங்கிக்காதம்மா."

அதோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆர்டரும் கொடுத்தார். பதினாறு குழாய்.

"ஒண்ணு முகாம் பக்கம் திருப்பிக் கட்டு. நான் பேசறது அவங்களுக்கும் கேக்கணும்."

"பதினாறு கட்டணும்னா பச்சியப்பன்தாங்க ஏறணும்."

தீர்த்தகிரி யோசித்தார். "கட்டட்டும். கட்டிட்டு மூணு மணிக்கெல்லாம் போயிடட்டும். என் கூட்டத்துல அவன் தலை தெரியக் கூடாது."

இதைக் கேட்டுவிட்டுப் பச்சியப்பன் கம்பிச் சுருளைக் கீழே வைத்தான்.

"என்னைய வெரட்டற கூட்டத்துக்கு நானே குழாய் கட்டணுமாக்கா?"

"கட்டுப்பா. நல்லா இறுக்கிக் கட்டு. ஒரு வார்த்தை செதறக் கூடாது."

"ரெண்டு நாட்டுக்காரங்க எங்களை வெளியாளுன்னு சொல்லிட்டாங்க. மூணாவதா போறதுக்கு எங்ககிட்ட நாடு இல்லக்கா. பிள்ளைங்க இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். முகாம் பக்கம் திருப்பறது இருக்குதில்ல, அதுல நல்லாக் கத்தற யூனிட்டாப் பாத்துப் போடு."

என்ன செய்யப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. போலீஸ் நினைத்தால் அவள் லைசென்ஸ் ஒரே நாளில் போய்விடும். தெரியாத விஷயத்துக்கு அவன் சாட்சி ஆக முடியாது அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. கூட்டம் தொடங்குமுன் ஆள் சேர்ப்பதற்காகப் பாட்டோ தலைவர்கள் பேச்சோ போடுவது எந்தக் கட்சிக்கும் வழக்கம். கட்சிப் பையன்கள் மேடைப் பக்கம் வந்தார்கள்.

"பாயம்மா, பாட்டு வேணாம். பேச்சு கேசட் இருந்தாப் போடுங்க."

"உங்க அண்ணன் பேச்சே இருக்குதுங்க."

கேசட்டை வாங்கிப் பார்த்தார்கள். மேலே உருது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினாறு குழாயிலும் தீர்த்தகிரி பேச ஆரம்பித்தார். அது எண்பத்து நாலில், முகாம் திறந்த மாதத்தில், இதே திடலில் பேசியது. ஊர் பூராவும் அரிசியும் துணியும் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். அதற்குத் தகுந்த பேச்சு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்ன பேச்சு. "இவங்க விருந்தாளிங்க இல்ல, நம்ம வூட்டு ஆளுங்க. நம்ம ஜில்லாவுல இருந்து தேயிலைக்குப் போன ஜனம் திரும்பி வந்திருக்குது. இவங்களை வெளிய போன்னு சொல்ற நாக்கு, அது என் நாக்கா இருந்தாலும் அறுத்துப் போடுங்க."

டேப்பில் எண்பத்து நாலாம் வருஷத்துக் கைதட்டல் கேட்டது. கீழே கட்சிப் பையன்களும் சேர்ந்து தட்டினார்கள். அண்ணன் குரல் கேட்டால் தட்டிப் பழகிய கை. வார்த்தையைக் கேட்டுவிட்டுத் தட்டுகிற பழக்கம் அதற்குக் கிடையாது. முனிராஜ் கடையில் இரண்டு பெஞ்சும் காலியானது. இத்தனை மாதத்தில் அந்தக் கட்சிக்கு அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

தீர்த்தகிரி ஜீப்பில் வந்து இறங்கினார். மரத்துக்கு மரம் தன் குரல். முகம் மலர்ந்துவிட்டது. அது எந்த வருஷத்துக் குரல் என்று யோசிக்காமலேயே மாலையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். பேசுகிறவர் எழுந்ததும் கேசட்டை நிறுத்துவது ஜுபைதாவின் முறை. அன்றைக்கு நிறுத்தவில்லை. ஆம்ப்ளிஃபயரில் டேப்புக்கு உரிய வால்யூம் திருகை மட்டும் முழுக்கக் குறைத்து, அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியில இருந்து வந்தவங்களால நம்ம கூலி போச்சு, நம்ம நிம்மதி போச்சு. முகாமைக் காலி பண்ண வெக்காம இந்த தீர்த்தகிரி ஓய மாட்டான்" என்றார் மேடையில் இருந்தவர். கைதட்டலுக்காக நிறுத்தி, சோடாவை எடுத்தார்.

ஜுபைதா திருகைத் திருப்பினாள்.

"நம்ம வூட்டு ஆளுங்க" என்றார் புளியமரத்தில் இருந்தவர்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். எதிரொலி என்று நினைத்துக்கொண்டு அவர் மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். மறுபடி மரம் பேசியது.

"அண்ணே, நாக்கு" என்று ஒரு குரல் வந்தது கூட்டத்திலிருந்து.

தீர்த்தகிரி பின்னால் வந்தார். "நிறுத்து பாயம்மா."

"உங்க பேச்சுதாங்க. உங்க பேச்சை நிறுத்த நான் யாருங்க?"

அப்போதுதான் அது நடந்தது. வயர் பிடுங்கப்பட்டது உண்மை. பிடுங்கியது தீர்த்தகிரி. கைக்குக் கிடைத்த வயரை ஆத்திரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார். அது மைக்கின் வயர். டேப்புக்கு வேறு வயர், வேறு ஓட்டை. அது அவருக்குத் தெரியாது. திரும்பிப் போய் மைக் முன்னால் நின்று, விரலை நீட்டி, தொண்டை நரம்பு புடைக்கப் பேசினார். எண்பத்தாறாம் வருஷத்துத் தீர்த்தகிரிக்கு வாய் மட்டும் அசைந்தது. எண்பத்து நாலாம் வருஷத்துத் தீர்த்தகிரி பதினாறு குழாயிலும் கணீரென்று பேசினார், முகாம் பக்கம் திரும்பிய குழாய் உட்பட. அங்கே ஆறு மணித் தலை எண்ணிக்கைக்கு வரிசையில் நின்ற செல்லி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். எண்ணுகிறவர் இரண்டு முறை எண்ண வேண்டியதாயிற்று.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களுக்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது என்று புரியவில்லை. தலைவரின் பேச்சைத் தலைவரின் கூட்டத்தில் போட்ட குற்றத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

தேர்தலில் தீர்த்தகிரி நூற்று எண்பது சொச்சம் ஓட்டில் தோற்றார். அதற்குத் தண்ணீர் காரணமா, மண்ணெண்ணெய் காரணமா, ஜுபைதாவின் விரல் காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. மறுவாரம் வருவாய் ஆய்வாளர் பட்டியலோடு வந்துவிட்டார்.

"அவன் உங்ககிட்ட வேலை செய்யலைன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. உங்களுக்காவது தொல்லை இருக்காது."

"செய்யறான்னு எழுதுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். பச்சியப்பன் என்னிடம் வேலை செய்கிறார். உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கிற அதே கூலி கொடுக்கிறேன். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் திரு. தீர்த்தகிரி அவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் கூட்டத்துக்குப் பதினாறு குழாய் கட்டினார். முகாம் ஆளை வேலை வாங்கியது தப்பென்றால் எங்கள் இருவர் மேலும் நடவடிக்கை எடுக்கவும்.

ஆய்வாளரின் பேனா நின்றது. "இதை வெச்சா அவர்கிட்ட விளக்கம் கேக்கணுமேம்மா."

"கேளுங்க. நானா வேணாங்கறேன்?"

வலமிருந்து இடமாகக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினாள். ஃபைல் தீர்த்தகிரியின் விளக்கத்துக்காகக் காத்திருக்கிறது. அவர் தரப்போவதில்லை, கேட்கிற தைரியம் ஆபீசில் யாருக்கும் வரப்போவதுமில்லை. விளக்கம் வரும்வரை பச்சியப்பனை ஏற்ற முடியாது. லாரி மற்ற இரண்டு குடும்பங்களோடு தெற்கே போயிற்று. அந்த இரண்டு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜுபைதா வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுவாள்.

தீர்த்தகிரி கூட்டத்துக்கான வாடகையை ஆள் மூலம் நயா பைசா குறையாமல் அனுப்பிவிட்டார். மாசியில் ஒரு கல்யாண வீட்டில் அவளை நேருக்கு நேர் பார்க்க வேண்டி வந்தது. பந்தல் காலில் பச்சியப்பன் குழாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"பாக்கி ஒண்ணும் இல்லியே பாயம்மா?" என்றார் விறைப்பாக.

"ஒண்ணு இருக்குதுங்க. எந்தக் கூட்டமானாலும் கடைசியில நன்றியுரை உண்டு, அதுல ஒலிபெருக்கி அமைச்சவங்களுக்கும் ஒரு நன்றி உண்டு. அன்னிக்கு நீங்க பாதியில எறங்கிப் போயிட்டீங்க. எனக்கு வேணாங்க. அவன் பேரைச் சொல்லி மைக்குல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

தீர்த்தகிரி பந்தல் காலைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

பந்தியிலிருந்து பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.