சங்கால் பால் புகட்டினேன்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் நாய் இரண்டு குட்டி போட்டது. மரவள்ளிக் கிழங்கையே தின்று இளைத்திருந்ததால் அதற்குப் பால் சுரக்கவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் ஆட்டுப்பால் வாங்கி, என் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போலவே குட்டிகளை மடியில் மல்லாத்திச் சங்கால் புகட்டினேன். முதல் குட்டி இருமிக்கொண்டே இருந்து மறுநாள் செத்தது. பிறவியிலேயே பலவீனம் என்று நினைத்தேன்.

அடுத்ததற்குப் புகட்டும்போது மூக்கில் பால் வழிந்து மூச்சு நின்றது. பால் கொண்டுவந்த அஞ்சலை அதைப் பிடுங்கி, தலையைத் தாழ்த்தி முதுகைத் தேய்த்தாள்.

“அடியே, தாய்கிட்ட இது மல்லாந்தா குடிக்கும்? அதையும் இப்படித்தான் கொன்னியா?”

குட்டி முனகியது.

அதன்பின் எந்தக் குட்டியானாலும் குப்புற வைத்து, பாலில் நனைத்த துணித்திரியைத்தான் சப்பக் கொடுக்கிறேன். முதல் குட்டி செத்த காரணத்தை வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்குதான் எழுதுகிறேன்.