ஊறுகாய் வீட்டின் மூக்கு

அந்த வீட்டு ஊறுகாயில் என்னென்ன சேர்கிறது என்பது தெரு முழுக்கத் தெரியும். எலுமிச்சை, உப்பு, மிளகாய், கடுகு, வெந்தயம், நல்லெண்ணெய். ஒளிக்க ஒன்றுமில்லை. பொடிகள் போட்ட எண்ணெயை எப்போது அடுப்பிலிருந்து இறக்குவது என்பதில்தான் பக்குவம் இருந்தது. அதை மணத்தால் மட்டுமே அறியலாம். அப்பாவின் அத்தைக்கு அது வாய்த்திருந்தது. அவளிடமிருந்து பெரியப்பாவுக்கு வந்தது, பெரியப்பாவிடமிருந்து வீட்டுக்காரரின் தங்கையான இவளுக்கு. அதனால் வீட்டில் இவள் பெயரே மூக்கு.

எண்ணெய் காயும்போது அவளைத் தவிர யாரும் சமையல்கட்டில் நிற்கக் கூடாது. இன்னொருவரின் வியர்வையும் தலையெண்ணெயும் மணத்தைக் கலைத்துவிடும் என்பது அத்தை போட்ட சட்டம். கதவைச் சாத்திக்கொள்வாள். ஜாடிகளில் ஊற்றி, மூடி போட்டு, துணி கட்டிய பிறகே கதவு திறக்கும்.

கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இல்லை. "மூக்கு இருக்கிற வரைக்கும்தான் உனக்கு ராஜ மரியாதை. அது போச்சுன்னா பாத்திரம் தேய்க்க உக்கார வேண்டியதுதான்" என்பாள். மூக்கும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. சோப்பை முகர்ந்தாள். பூண்டை நசுக்கி முகர்ந்தாள். வெறும் காற்றுதான் ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நுரை அடங்குவதையும் கடுகு கறுப்பதையும் பார்த்து இறக்கினாள். ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர் யாராவது வாசலில் நின்றால் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

பள்ளி விடுதி ஒன்றுக்குப் போக வேண்டிய ஜாடிகளை அன்று வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அண்ணி கேட்டது காதில் விழுந்தது.

"மோட்டாருக்கு மண்ணெண்ணெய் வச்சிருந்த கேன் எங்க?"

"அதுலதான் இந்தத் தடவை நல்லெண்ணெய் வாங்கிட்டு வந்தேன். சோப்பு போட்டுக் கழுவிட்டேன்" என்றார் அண்ணன்.

"அந்த நாத்தம் கழுவுனா போகுமா?"

"போகலைன்னா மூக்கு விட்டிருப்பாளா? வாசப்படியிலயே திருப்பி அனுப்பியிருப்பா."

அண்ணிக்கு அது போதுமான பதிலாக இருந்தது. வேறு வேலை பார்க்கப் போனாள்.

மூக்கு துடைத்த துணியைக் கீழே போட்டாள். கேன் மூலையில்தான் இருந்தது. மூடியைத் திறந்து முகத்தை உள்ளே திணித்தாள். வெறும் காற்று. நாக்கில் தொட்டாள். எண்ணெயின் வழவழப்பு மட்டும் தெரிந்தது. அந்த விடுதிப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பது கண்ணில் வந்தது. ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். வெளியே வேன் உறுமியது.

ஓடிப்போய் வேனின் பின்கதவைப் பிடித்தாள். கைக்கு எட்டிய ஜாடியை இழுத்துத் துணியை அவிழ்த்தாள். ஊறுமுன் யாரும் அவிழ்க்கக் கூடாத துணி அது. டிரைவர் வாயைப் பிளந்தார்.

"அண்ணி, கொஞ்சம் வந்து இதை முகர்ந்து பாருங்க."

"என்னையா கேக்குறே? இன்னிக்கு என்ன, மூக்குக்கு லீவா?"

"எனக்குத் தெரியல அண்ணி. காய்ச்சல்லேருந்தே எதுவும் தெரியல."

அண்ணி சிரிக்க வாயைத் திறந்து அப்படியே நிறுத்தினாள். குனிந்து முகர்ந்தாள். முதல் தடவை மிளகாய் நெடியில் தும்மினாள். மறுபடி குனிந்தவள், அப்படியே இருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்:

"எல்லாத்தையும் இறக்குங்க."

ஜாடிகளைக் குப்பைக் குழியில் கொட்டினார்கள். அண்ணன் அந்தக் கேனைத் தானே மிதித்து நசுக்கினார். பாத்திரம் தேய்க்கும் பேச்சை அண்ணி எடுக்கவே இல்லை. அதுதான் மூக்கை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த முறை எண்ணெய் காய்ந்தபோது கதவு திறந்தே கிடந்தது. அண்ணி வாணலி மேல் குனிந்திருந்தாள்.

"எந்த வாசனை வரணும்னு சொல்லு. நான் பார்த்துச் சொல்றேன்."

"முதல்ல காட்டமா கண்ணை எரிக்கும். அப்புறம் அது அடங்கி..."

"அடங்கி?"

மூக்கு நினைவில் தேடினாள். கற்றுத்தந்த நாளில் பெரியப்பா அருகில் நின்றது ஞாபகம் வந்தது, அவர் தலையசைத்தது வந்தது. மணம் வரவில்லை. நுரை அடங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கரண்டியோடு அவள் முகத்தையே பார்த்தாள்.

"இறக்கவா?"

"தெரியல, அண்ணி."

அண்ணி தீயைக் குறைத்துவிட்டு மறுபடியும் புகையில் முகத்தைக் கொடுத்தாள்.