முதலாம் உண்ணாமலை

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தக் கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் "மூன்றாம் உண்ணாமலை அவர்களுக்கு" என்று எழுதியிருந்தது. அனுப்பியவள் யார் என்று திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

திருவண்ணாமலையில் பெண் பிறந்தால் அம்மன் பெயரை வைத்துவிடுவார்கள். எழுபதுகளில் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் மூன்று உண்ணாமலைகள். இனிஷியலாவது மாறுமா என்றால் அதுவும் இல்லை, மூன்று அப்பாக்களும் அண்ணாமலைகள். அதனால் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டில் பென்சிலால் அடையாளம் எழுதி வைத்திருந்தார்: மண்டி உண்ணாமலை, குண்டு உண்ணாமலை, காலனி உண்ணாமலை. அரிசி மண்டிக்காரர் மகளான எனக்கு அது உறுத்தவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலனி என்றால் எது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் சாதியைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் சரித்திரப் பாடத்தில் கோப்பெருஞ்சிங்கன் வந்தான். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்பதால் முதலாம், இரண்டாம் என்று டீச்சர் போர்டில் எழுதினார். காலனி என்று கூப்பிடப்பட்டவள் எழுந்து நின்றாள்.

"எங்களுக்கும் அப்படியே நம்பர் போட்டு கூப்பிடுங்க டீச்சர்."

ராஜா வீட்டுப் பெண்களா நீங்கள் என்று டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து "காலனி உண்ணாமலை" என்று கூப்பிட்டால் அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்லவில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ஆப்செண்ட் விழுந்தது. இப்படியே போனால் பெயரை அடித்துவிடுவேன் என்று டீச்சர் மிரட்டினார். படிப்பு போய்விடும், பேசாமல் சொல்லிவிட்டுப் போயேன் என்று நான் புத்தி சொன்னேன்.

"அது என் பேரே இல்ல. அதுக்கு எப்படி உள்ளேன்னு சொல்றது?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. அடுத்த காலையில் "மண்டி உண்ணாமலை" என்றபோது நானும் வாயைத் திறக்கவில்லை. குண்டு உண்ணாமலையும் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று பேருக்கும் ஆப்செண்ட். முதலில் மறுத்தவளின் அப்பா வந்து கேட்டபோது வாசலோடு அனுப்பிய டீச்சர், என் அப்பா வந்து கேட்டதும் இறங்கி வந்தார். அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பென்சில் எழுத்தை அழித்து, பள்ளியில் சேர்ந்த வரிசைப்படி எண் போட்டார். அவள் முதலாம், நான் மூன்றாம். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு இரண்டு நாள் கோபம். அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்ன சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டது.

பத்திரிகையை எட்டிப் பார்த்த என் நாத்தனார், "எந்த உண்ணாமலை? அந்தக் காலனிப் பொண்ணா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் ஊர் அந்தப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"முதலாம் உண்ணாமலை" என்றேன். "அவ பொண்ணுக்குக் கல்யாணம். நான் ரெண்டு நாள் முன்னாடியே போறேன்."